முதலில் மீட்பு, பிறகு வரம்பு: ஓடும் சிகுரூப்பின் நினைவகத்தைக் குறைக்கும் முறை

12 ஜிபி வரம்போடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸை 7 ஜிபிக்குள் அடக்க வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி கிளப்ப அனுமதி இல்லை. எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் முதலில் கை போகும் இடம் மெமரி.மேக்ஸ், அதாவது ஒரு சிகுரூப்பின் (லினக்ஸ் ஒன்றாகக் கணக்குப் பார்க்கும் புராசஸ்களின் குழு) நினைவக உச்ச வரம்பை வைத்திருக்கும் கோப்பு. அந்தக் கோப்பில் 7ஜி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முடிந்துதான் போகும், சில நேரம் டேட்டாபேஸும் சேர்த்து.

சர்வர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. நினைவக வரம்பைக் குறைப்பதில் நான் பிடிவாதமாக வைத்திருக்கும் முறை ஒன்றுதான்: பக்கங்களை (லினக்ஸின் மையமான கர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகள்) முதலில் நானே மெதுவாக வெளியேற்றுவேன், மெமரி.மேக்ஸைத் தொடுவது கடைசியில். அந்தக் கடைசி எழுத்து ஒன்றுமே நடக்காதது போலக் கடந்துபோக வேண்டும். அப்போது கர்னலுக்கு ஏதாவது வேலை இருக்கிறது என்றால், அதற்கு முந்தைய படிகளை நீங்கள் சரியாகச் செய்யவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ் சிகுரூப்பின் இரண்டாம் பதிப்புக்கு. 2016 மார்ச்சில் வந்த 4.5 கர்னலிலிருந்து அது அதிகாரப்பூர்வமாக இருக்கிறது. உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்று தெரியாவிட்டால், சிகுரூப் மவுண்ட் ஆகியிருக்கும் அடைவின் உச்சியில் சிகுரூப்.கன்ட்ரோலர்ஸ் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாம் பதிப்பு.

எழுதியதும் கர்னலுக்குள் நடப்பது

முதல் பதிப்பில் மெமரி.லிமிட்_இன்_பைட்ஸ் என்ற கோப்பு இருந்தது. இப்போதைய பயன்பாட்டைவிடக் குறைந்த எண்ணை அதில் எழுதினால், கர்னல் முதலில் பக்கங்களை விடுவிக்கப் பார்க்கும். முடியவில்லை என்றால் 'பிஸி' என்று பிழை சொல்லி, பழைய வரம்பையே விட்டுவைக்கும். உங்களுக்கு வேலை நடக்காது, ஆனால் யாரும் சாக மாட்டார்கள். பழைய பதிப்பில் பழகிய கை இந்தச் சாதுவான குணத்தை நம்பியே இருக்கும்.

இரண்டாம் பதிப்பு அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதல் பதிப்பு காலி செய்யச் சொல்லிக் கேட்டுப்பார்க்கும் வீட்டுக்காரர் என்றால், இது முதலில் பூட்டை மாற்றிவிட்டு அப்புறம் சாமான்களை வெளியே வைக்கிறவர். மெமரி.மேக்ஸில் எழுதிய நொடியே புதிய வரம்பு அமலுக்கு வந்துவிடும். பிறகு கர்னல் பயன்பாட்டைப் பார்க்கிறது. அதிகமாக இருந்தால், ஒவ்வொரு சிபியுவும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக் கையில் வைத்திருக்கும் சில்லறைப் பக்கங்களைத் திருப்பி வாங்குகிறது. அதுவும் போதாவிட்டால் மீட்பு, அதாவது பக்கங்களை வெளியேற்றி நினைவகத்தை விடுவிக்கும் வேலை, தொடங்குகிறது. ஒரு பக்கம்கூடக் கிடைக்காத முயற்சிகள் 16 சேரும்வரை விடாமல் முயலும். அதற்கும் பிறகு பயன்பாடு வரம்புக்கு மேலேயே நின்றால், மெமரி.ஈவென்ட்ஸில் ஓஓஎம் (நினைவகம் தீர்ந்தது) எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு புராசஸைத் தேர்ந்து கொல்கிறது. மறுபடி பார்க்கும், மறுபடி கொல்லும். பயன்பாடு அடங்கும்வரை, அல்லது கொல்வதற்குத் தோதான ஆள் தீரும்வரை இது நடக்கும். மெமரி.ஓஓஎம்.குரூப் 1 என்று இருந்தால் குழு மொத்தமும் ஒரே அடியில் போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மீட்பு வேலையைச் செய்வது பின்னணியில் இருக்கும் வேறு யாரோ அல்ல, அந்தக் கோப்பில் எழுதிய உங்கள் ஷெல்தான். எழுதும் கட்டளை திரும்பி வராமல் தொங்கினால் கர்னல் உங்கள் புராசஸின் நேரத்தில் பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொறுமை இழந்து கன்ட்ரோல்-சி அடித்தால் தேடல் நிற்கும், வரம்பு மட்டும் புதியதாகவே இருக்கும். அடுத்து நினைவகம் கேட்கும் அப்பாவிப் புராசஸ் மிச்ச வேலையைச் சுமக்கும். புதிய கர்னல்களில் அந்தக் கோப்பை நான்-பிளாக் கொடியோடு திறந்து எழுதலாம். அப்படிச் செய்தால் எழுதுபவர் மீட்பிலும் கொலையிலும் மாட்டாமல் உடனே திரும்பிவிடுவார். பல நூறு குழுக்களை ஒரே நிர்வாகப் புராசஸ் கவனிக்கும் இடங்களுக்கு அது சரி. ஒரே ஒரு டேட்டாபேஸை அடக்கும் வேலைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை, சுமை யார் தலையில் எப்போது விழும் என்பது நம் கையில் இருக்காது.

இன்னொன்று: இந்த எழுதும் வேலையை அதே சிகுரூப்புக்குள் இருக்கும் ஷெல்லிலிருந்து செய்யாதீர்கள். கொல்லப்படுபவர் பட்டியலில் நீங்களும் இருப்பீர்கள்.

எவ்வளவு விடுவிக்க முடியும் என்ற கணக்கு

மெமரி.கரண்ட் காட்டும் ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பயன்பாட்டை வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் மெமரி.ஸ்டாட்டைத் திறக்க வேண்டும். நம் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றும், எண்கள் இப்படி இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்: மொத்தப் பயன்பாடு 11.2 ஜிபி. அதில் ஆனான் (பின்னால் டிஸ்க் கோப்பு இல்லாத, புராசஸ்களின் சொந்த நினைவகம்) 4.2, ஃபைல் 6.1, விடுவிக்கக்கூடிய ஸ்லாப் (கர்னல் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருப்பது) 0.5, மீதி 0.4 என்பது விடுவிக்க முடியாத ஸ்லாப், பேஜ் டேபிள், கர்னல் ஸ்டாக், சாக்கெட் போன்றவை.

இலக்கு 7 ஜிபி என்றால் 4.2 ஜிபி வெளியேற வேண்டும். ஃபைல் என்ற வரி 6.1 காட்டுகிறது, அதெல்லாம் டிஸ்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய கேச், ஆகவே ஏராளமாக இடம் இருக்கிறது என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஃபைல் என்ற எண்ணுக்குள் எஸ்ஹெச்மெம் என்ற பகிர்வு நினைவகமும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். டிஎம்பிஎஃப்எஸ் என்ற நினைவகக் கோப்பு முறைமையில் எழுதிய கோப்புகளும் அப்படியே. இவற்றுக்குப் பின்னால் டிஸ்க் கோப்பு கிடையாது, ஸ்வாப் (பக்கங்களை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடம்) இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூட வெளியேற்ற முடியாது. எஸ்ஹெச்மெம் வரி 2.0 என்று இருந்தால் உண்மையான கேச் 4.1 ஜிபிதான். இதைச் சரிபார்க்க ஆக்டிவ்_ஃபைல், இன்ஆக்டிவ்_ஃபைல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பகிர்வு நினைவகம் ஆனான் பட்டியலில் வைக்கப்படுவதால் இந்தக் கூட்டலில் அது கலக்காது.

ஆக, ஸ்வாப் இல்லை என்றால் அசையாத பகுதி 4.2 + 2.0 + 0.4 = 6.6 ஜிபி. 7 ஜிபிக்குள் கேச்சுக்கு மிஞ்சுவது 0.4 ஜிபி. காகிதத்தில் இலக்கு எட்டக்கூடியதுதான். நடைமுறையில் டேட்டாபேஸ் ஒரு பக்கத்தைப் படிக்க இன்னொன்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கு வந்தால் நான் வரம்பைத் தொடமாட்டேன். கேட்டவரிடம் போய் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்வேன்: ஸ்வாப் கொடுங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸின் சொந்த அமைப்பைச் சுருக்க விடுங்கள்.

ஸ்வாப் 2 ஜிபி கொடுத்தால் கணக்கு மாறிவிடும். அசையாத பகுதி 4.6 ஜிபிக்கு இறங்கலாம், எப்போதோ தொட்டு மறந்த ஆனான் பக்கங்கள் வெளியே போகும், கேச்சுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கணினியில் ஸ்வாப் இருப்பது மட்டும் போதாது. அந்தக் குழுவின் மெமரி.ஸ்வாப்.மேக்ஸையும் பாருங்கள். கன்டெய்னர் கருவிகள் அங்கே 0 எழுதி வைத்திருப்பது சர்வசாதாரணம்.

ஸ்டாட்டில் இன்னும் மூன்று வரிகளைப் பார்த்துவிட வேண்டும். அன்எவிக்டபிள் பெரிதாக இருந்தால் யாரோ எம்லாக் செய்து (நினைவகத்திலேயே பூட்டி) வைத்திருக்கிறார்கள், ஸ்வாப் இருந்தும் அது நகராது. ஃபைல்_டர்ட்டியும் ஃபைல்_ரைட்பேக்கும் பெரிதாக இருந்தால், அந்தக் கேச் டிஸ்குக்கு எழுதப்பட்ட பிறகே விடுபடும். அந்தக் கோப்பு முறைமைக்கு ஒரு சிங்க் கொடுத்துவிட்டு, எண் இறங்குவதைப் பார்த்தபின் தொடங்குவது என் வழக்கம்.

குழுவுக்குள் துணைக் குழுக்கள் இருந்தால் அவற்றின் மெமரி.மின்னையும் படியுங்கள். அந்த அளவுவரை இருக்கும் நினைவகத்தை மீட்பு தொடவே தொடாது. பிள்ளைகளுக்குக் கொடுத்த மின் காப்பு தாய்க் குழுவின் புதிய மேக்ஸைத் தாண்டினால், கேச் நிறைய இருந்தும் ஓஓஎம் வரும். ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்ளிகேஷனைக் கேட்டுப் பார்ப்பது

கர்னல் பிடுங்குவதைவிட அப்ளிகேஷன் தானாக விட்டுக்கொடுப்பது எப்போதும் மலிவு. எந்தப் பக்கம் தேவையில்லை என்பது அதற்குத் தெரியும், கர்னல் ஊகிக்கத்தான் முடியும். மைஎஸ்கியூஎல் 5.7.5 முதல் இன்னோடிபி பஃபர் பூலின் அளவை ஓடும்போதே குறைக்க விடுகிறது. ரெடிஸில் மேக்ஸ்மெமரியை ஓட்டத்திலேயே மாற்றலாம், பிறகு மெமரி பர்ஜ் கட்டளை கொடுக்கலாம். ஜாவாவில் ஜிசி (குப்பை சேகரிப்பு) முடிந்ததும் குவியலின் காலி இடம் கர்னலுக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜேடிகே 12 முதல் ஜி1 சேகரிப்பான் சும்மா இருக்கும் நேரத்தில் அதைச் செய்யும், ஆனால் அதற்கான இடைவெளி அமைப்பு இயல்பில் அணைந்தே கிடக்கும். போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபரை மறு தொடக்கம் இல்லாமல் குறைக்க வழி இல்லை. நம் உதாரணத்தில் அந்த 2.0 ஜிபி முரண்டு பிடிப்பது அதனால்தான்.

மீட்பு

5.19 கர்னலிலிருந்து மெமரி.ரிக்ளெய்ம் என்ற கோப்பு இருக்கிறது. அதில் ஓர் அளவை எழுதினால், வரம்பு எதையும் மாற்றாமல், அந்தக் குழுவிலிருந்து அவ்வளவு நினைவகத்தை விடுவிக்கக் கர்னல் முயலும். கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ எடுக்கலாம். கேட்ட அளவு கிடைக்காவிட்டால் 'மறுபடி முயல்க' என்ற பிழை வரும். யாரும் கொல்லப்படுவதில்லை, யாரும் தூங்கவைக்கப்படுவதில்லை. வரம்பைக் குறைக்கும் வேலைக்கு இதைவிட நல்ல கருவி கர்னலில் கிடையாது என்பேன்.

இது வருவதற்கு முன், மேக்ஸைவிட மென்மையான வரம்பான மெமரி.ஹையை மெல்ல இறக்கியே மீட்பைத் தூண்டிக்கொண்டிருந்தோம். மெட்டாவின் சென்பாய் கருவியும் முதலில் அப்படித்தான் வேலை செய்தது. அதில் ஒரு சிக்கல். நீங்கள் ஹையை இறக்கிவைத்திருக்கும் அந்த நேரத்தில் அப்ளிகேஷனுக்கு அவசரமாக நினைவகம் தேவைப்பட்டால், வளரவிடாமல் அது தடுக்கப்படும். ரிக்ளெய்ம் அப்படியில்லை, எடுத்தது எடுத்ததோடு சரி, அப்ளிகேஷன் கேட்டால் மறுநொடியே வளரலாம்.

இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் மெமரி.பிரஷரும், மெமரி.ஸ்டாட்டின் ஒர்க்கிங்செட்_ரிஃபால்ட் வரிகளும் ஓடிக்கொண்டிருக்கட்டும். இன்னொன்றில் ரிக்ளெய்ம் கோப்பில் 256எம் எழுதுங்கள். பொறுங்கள். மறுபடி 256எம்.

4.2 ஜிபியை ஒரே தடவையில் கேட்கலாமே என்றால், கர்னல் கொடுக்கவும் கூடும். ஆனால் வெளியே போனவற்றில் எது தேவையானது என்பது அந்த நொடியில் தெரியாது. அப்ளிகேஷன் அந்தப் பக்கத்தைத் தேடி வரும்போதுதான் தெரியும். அதற்கு அவகாசம் வேண்டும். ரிஃபால்ட் எண் என்பது அந்தத் தேடி வந்த கணக்குதான்: வெளியேற்றிய பக்கம் மறுபடி உள்ளே வரவழைக்கப்பட்டிருக்கிறது. ஃபைலுக்கும் ஆனானுக்கும் தனித்தனி எண். 256எம் எடுத்தபின் ரிஃபால்ட் அசையாமல் இருந்தால் போனது பழைய குப்பை. விறுவிறுவென்று ஏறினால் தேவையானதில் கை வைத்துவிட்டீர்கள்.

பிரஷர் கோப்பில் இரண்டு வரிகள். சம் என்பது ஏதோ ஒரு புராசஸாவது நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம், ஃபுல் என்பது வேலை செய்ய வேண்டிய எல்லாமே ஒரே சமயத்தில் காத்திருந்த நேரம். ஒவ்வொன்றுக்கும் 10, 60, 300 நொடிச் சராசரி. என் சொந்த அளவுகோல் இது: சம் வரியின் 10 நொடிச் சராசரி 1-ஐத் தாண்டினால் அடுத்த மீட்பை ஒத்திவைப்பேன், ஃபுல் வரி பூஜ்யத்தை விட்டு எழுந்து அங்கேயே நின்றால், அந்த அளவு இந்தச் சர்வீசுக்குப் போதாது என்று எடுத்துக்கொள்வேன். தாமதத்தை மில்லிநொடியில் எண்ணும் சர்வீஸ் என்றால் இதைவிடக் கறாராக இருங்கள். இரவில் ஓடும் தொகுதி வேலை என்றால் தளர்த்தலாம்.

மீட்டபிறகு மெமரி.கரண்ட் மெல்ல ஏறுவதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. வரம்பு இன்னும் 12 ஜிபிதானே, கேச் நிரம்பத்தான் செய்யும். புதிதாகப் படித்த கோப்புகள் இடம் பிடிப்பதும், வெளியேற்றியதே திரும்பி வருவதும் வெவ்வேறு. இரண்டாவதைத்தான் ரிஃபால்ட் காட்டும்.

இந்த இடத்தில் யாராவது டிராப்_கேச்சஸ் பற்றிச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அது கணினி முழுவதற்குமான கோப்பு. உங்கள் ஒரு குழுவுக்காக அதே கணினியில் இருக்கும் எல்லோருடைய கேச்சையும் கொட்டிவிடும், ஆனான் பக்கங்களில் ஒன்றைக்கூடத் தொடாது.

ஹை, கடைசியில் மேக்ஸ்

ஸ்வாப் கிடைத்து, பயன்பாடு 6.3 ஜிபி அளவுக்கு இறங்கி, பிரஷரும் அமைதியாக இருந்தால் மெமரி.ஹையில் 6.6ஜி அளவை எழுதலாம். பின்னத்தைக் கர்னல் ஏற்காது, 6758எம் என்று எழுதுங்கள். ஹை யாரையும் கொல்வதில்லை. தாண்டுகிறவர்களை மீட்பு வேலையில் இறக்கிவிடும், அப்படியும் அடங்காவிட்டால் தூங்கவைக்கும். ஒரு தூக்கம் அதிகபட்சம் 2 நொடி, ஆனால் திரும்பத் திரும்ப வரலாம். ஸ்வாப் இல்லாத ஆனான் சுமையின் மேல் ஹையை அழுத்தினால் வரும் விளைவு விநோதமானது. புராசஸ் உயிரோடு இருக்கும், பிழைச் செய்தி எதுவும் இருக்காது, எதற்கும் பதில் மட்டும் வராது. தொங்கிப்போனது என்று நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் புராசஸின் கர்னல் ஸ்டாக்கைப் பார்த்தால் மெம்_சிகுரூப்_ஹேண்டில்_ஓவர்_ஹை என்ற பெயர் உட்கார்ந்திருக்கும்.

ஹை போட்டபின் ஒரு முழுச் சுமைச் சுற்று ஓடட்டும். உச்ச நேரம், பேக்கப், இரவுத் தொகுப்பு வேலை எல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். மெமரி.ஈவென்ட்ஸில் ஹை எண்ணிக்கை ஏறுவது மட்டும் கெட்ட செய்தி அல்ல. பேக்கப் ஓடும்போது கேச் வரம்பில் முட்டி முட்டித் திரும்பும், எண் ஆயிரக்கணக்கில் ஏறும், பிரஷர் அசையவே அசையாது. எண்ணிக்கையைப் பார்த்து அலாரம் வைப்பவர்கள் கொஞ்ச நாளில் அலாரத்தையே அணைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் மெமரி.மேக்ஸில் 7ஜி. கட்டளை உடனே திரும்ப வேண்டும். ஈவென்ட்ஸில் ஓஓஎம், ஓஓஎம்_கில் இரண்டும் பழைய எண்ணிலேயே நிற்க வேண்டும்.

பழைய எண்ணைத் திருப்பி எழுதும் கட்டளையை இன்னொரு டெர்மினலில் அடித்துத் தயாராக வைத்திருங்கள், என்டர் மட்டும் பாக்கி. வரம்பை உயர்த்துவதில் மீட்பு எதுவும் இல்லை, அது உடனடி. ஹையை உயர்த்தினால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தூக்கம் முடிந்ததும் எழுந்துவிடுவார்கள்.

சர்வீசை சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனிக்கும் நிரல்) நிர்வகிக்கிறது என்றால் சிகுரூப் கோப்புகளில் நேரடியாக ஹையும் மேக்ஸும் எழுதி வைக்க வேண்டாம். டீமன்-ரீலோடு போன்ற சந்தர்ப்பத்தில் சிஸ்டம்டி தனக்குத் தெரிந்த எண்ணை மேலே எழுதிவிடக்கூடும். சிஸ்டம்சிடிஎல்லின் செட்-ப்ராப்பர்ட்டி மூலம் மெமரிஹை, மெமரிமேக்ஸ் மதிப்புகளைக் கொடுங்கள். சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் ரன்டைம் கொடியைச் சேர்த்தால் அந்த மாற்றம் அடுத்த பூட்டில் மறைந்துவிடும். சுமைச் சுற்று நல்லபடி முடிந்தபின் அந்தக் கொடி இல்லாமல் மறுபடி கொடுத்தால் நிலையாக எழுதப்படும். ரிக்ளெய்ம் மட்டும் விதிவிலக்கு, அது நிலைத்திருக்கும் அமைப்பு அல்ல என்பதால் நேரடியாகவே எழுதலாம்.

கன்டெய்னர் கருவிகள் வழியாகக் குறைப்பவர்களுக்கும் அடியில் நடப்பது இதே மெமரி.மேக்ஸ் எழுத்துதான். கன்டெய்னர்களுக்கான பொதுத் தரமான ஓசிஐ ரன்டைம் விவரக்குறிப்பில் 'செக் பிஃபோர் அப்டேட்' என்ற அமைப்பு இருக்கிறது: புதிய வரம்பு இப்போதைய பயன்பாட்டைவிடக் குறைவாக இருந்தால் மாற்றத்தை மறுக்கச் சொல்லலாம். உங்கள் ரன்டைம் அதை ஆதரித்தால் போட்டுவையுங்கள். ஆனால் சரிபார்த்த நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவில் பயன்பாடு ஏறலாம் என்பதால், அங்கேயும் முதலில் ரிக்ளெய்ம் செய்து கொஞ்சம் இடைவெளி உண்டாக்கிக்கொண்டே குறையுங்கள்.